வீட்டுப் பராமரிப்பகங்களுக்கும் உணவு மானியம்: இணைவதா, விலகி நிற்பதா?

சிறு பிள்ளைகளுக்கு அரச செலவில் உணவு வழங்குவது நமது நாட்டுக்குப் புதிய விடயமன்று. 1973ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷாத் திட்டம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் பாடசாலை மாணவர்களுக்கான பகலுணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச் மாதத்தில் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவு மாணவர்கள் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் ஒரு வேளை உணவுக்கான ஒதுக்கீடு 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இவை யாவும் வரவேற்கப்பட வேண்டியவையே.

ஆயினும் இத்திட்டங்களின் வரைபடத்தில் ஒரு பகுதி வெறுமையாகவே கிடக்கின்றது. முன்பள்ளி வயதை எட்டாத பிள்ளை, பாடசாலைக்குச் செல்லாத பிள்ளை, தாய் தொழிலுக்குச் சென்றபின் பகல் முழுவதும் அயல் வீடொன்றில் விடப்படும் பிள்ளை ஆகியோரின் மதிய உணவுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு இதுவரை தெளிவான விடை இல்லை. ஆடைத் தொழிற்சாலைக்கும், கடைக்கும், அலுவலகத்துக்கும் செல்கின்ற தாய்மார் பலர் தமது பிள்ளைகளை ஒப்படைத்துச் செல்வது பெயர்ப்பலகை உள்ள நிலையங்களில் அல்ல. தெருவில் நான்கு வீடு தள்ளியிருக்கும் ஒரு பெண்மணியிடமே ஒப்படைக்கின்றனர். அவரும் நான்கு அல்லது ஆறு பிள்ளைகளைப் பராமரித்து, அதிலே கிடைக்கும் சிறு தொகையைக் கொண்டு தமது குடும்பத்தை நடத்துகின்றார்.

இத்தகைய வீட்டுப் பராமரிப்பகங்களை அரச மானிய உணவுத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமா? கொண்டுவரப்படின், அவற்றை நடத்துவோர் அதில் இணைவது அவர்களுக்கு நன்மையானதா? இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை. முதலாவது அரசாங்கத்துக்குரியது, இரண்டாவது அந்தப் பெண்மணிக்குரியது. முதலாவதற்கு ஆம் என்று விடையளிப்பது எளிது. இரண்டாவதற்கும் ஆம் என்று அவர் கூறும் நிலையை உருவாக்காவிட்டால் முதலாவது விடை கடதாசியிலேயே தங்கிவிடும்.

பிரச்சினையின் கனத்தை முதலில் நோக்குவோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்களாகவும், 15.1 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர்களாகவும் இருந்தனர். தோட்டத்துறையில் வயதுக்கேற்ற உயரமற்றோர் 31.7 வீதமாகக் காணப்பட்டனர். இவை பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்குகள் என்பது கவனிக்கத்தக்கது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2023இல் ஒரு முட்டையின் விலை 50 ரூபாவைத் தாண்டி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் ஏற்பட்டது. விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்தது உண்மையே. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

கருவுற்ற நாள் தொடக்கம் இரண்டு வயது நிறைவடையும் வரையான ஏறத்தாழ ஆயிரம் நாட்களே ஒரு பிள்ளையின் உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் அடித்தளம் இடுகின்றன என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. அக்காலப்பகுதியில் நேர்ந்த இழப்பை, ஐந்து வயதில் பாடசாலையில் வழங்கப்படும் ஒரு பார்சல் சோற்றினால் முழுமையாக ஈடுசெய்துவிட முடியாது. முன்பள்ளியையும் பாடசாலையையும் மையமாகக் கொண்ட திட்டங்கள் மிகவும் நல்லவை. எனினும் அவை பிள்ளையைச் சென்றடைவது சற்றுத் தாமதமாகவே. ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளை இருக்குமிடம் வீடு, அல்லது வீட்டைப் போன்ற இன்னொரு வீடு. உணவும் அங்கேதான் செல்ல வேண்டும்.

மலையகம் இவ்விடயத்தில் ஒரு முன்னனுபவத்தைக் கொண்டுள்ளது. தோட்டப் பெண்கள் கொழுந்து பறிக்கச் செல்லும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பிராக்கள் பல தலைமுறைகளாக இயங்கி வந்தன. அவையே பிற்காலத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றம் பெற்றன. குறைபாடுகள் பல இருப்பினும், தாயின் தொழில் நேரத்தில் பிள்ளையைப் பேணுவது ஒரு பொதுக் கடமை என்ற கொள்கை அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கின்றது. நகர்ப்புறத்துக்கும், வடக்குக் கிழக்கின் கிராமங்களுக்கும் அக்கொள்கை இன்னும் வந்து சேரவில்லை.

வீடுகளில் நடத்தப்படும் பராமரிப்பகங்களுக்கு அரச உணவு மானியம் வழங்குவது உலகில் நடைமுறையில் உள்ள ஒன்றேயாகும். அமெரிக்காவின் அனுபவமும் கொலம்பியாவின் அனுபவமும் நமக்குப் பாடமாக அமையத்தக்கவை.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு முன்னோடித் திட்டமாக ஆரம்பிக்கப்பட்ட சிறுவர் பராமரிப்பு உணவுத் திட்டம் 1978இல் நிரந்தரமாக்கப்பட்டது. வீட்டில் பிள்ளைகளைப் பராமரிப்பவர் இதில் நேரடியாக இணைய முடியாது. அனுசரணை நிறுவனம் ஒன்றின் ஊடாகவே இணைய வேண்டும். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு பிரதான உணவுகளுக்கும் ஒரு சிற்றுணவுக்கும் பணம் மீளளிக்கப்படும். அனுசரணை நிறுவனம் ஆண்டுக்கு மூன்று தடவைகள் வீட்டுக்குச் சென்று பார்வையிட வேண்டும். அவற்றில் இரண்டு முன்னறிவித்தலின்றி நிகழ வேண்டும். அதேவேளை, அரசிடமிருந்து பணம் கிடைத்து ஐந்து வேலை நாட்களுக்குள் அதனைப் பராமரிப்பவரிடம் சேர்ப்பித்துவிட வேண்டும் என்பதும் விதியாகும். கண்காணிப்பு மட்டுமன்றிக் கொடுப்பனவும் காலக்கெடுவுக்குட்பட்டது என்பதே இங்கு நாம் கருத்திற்கொள்ள வேண்டிய அம்சம்.

அத்திட்டம் தவறுகளையும் கண்டது. 1997 ஜூலை மாதம் வரை எல்லா வீடுகளுக்கும் ஒரே வீதத்தில் பணம் வழங்கப்பட்டது. செலவைக் குறைக்கும் நோக்கில் 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் வீடுகள் இரு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டன. வறிய பிரதேசத்தில் அமைந்த வீடுகளுக்கும் வறிய பராமரிப்பாளர்களுக்கும் உயர்ந்த வீதமும், ஏனையோருக்கு அதில் ஏறத்தாழ அரைப்பங்கும் வழங்கப்பட்டன. குறைந்த தொகைக்காக அதே பதிவேடுகளையும் அதே பரிசோதனைகளையும் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தமையால் பலருக்கு அது பயனற்றதாகத் தோன்றியது. 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த பங்கேற்பு, அதன் பின்னர் தொடர்ந்து வீழ்ச்சியடைந்து ஏறத்தாழ அரைவாசியாகிவிட்டது. அவ்வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உள்ளனவெனினும், இப்பிரிவினையும் அவற்றுள் ஒன்று. பெருந்தொற்றுக் காலத்தில் அனைவருக்கும் உயர்ந்த வீதத்தை வழங்கும் தற்காலிக ஏற்பாடு செய்யப்பட்டு, 2023 ஜூன் மாத இறுதியுடன் அதுவும் முடிவுக்கு வந்தது. இதற்கிடையே 1990களில் சில அனுசரணை நிறுவனங்கள் இல்லாத பிள்ளைகளின் பெயரில் பணம் பெற்றமை வெளிப்பட்டு, 2000ஆம் ஆண்டில் சட்டம் இறுக்கப்பட்டது.

கொலம்பியாவில் 1986ஆம் ஆண்டு வேறொரு முறை உருவானது. வறிய குடியிருப்புகளில் தெரிவு செய்யப்பட்ட பெண்ணொருவர் தமது வீட்டிலேயே பன்னிரண்டு முதல் பதினைந்து வரையான அயற்பிள்ளைகளைப் பராமரிப்பார். அவர் சமூகத் தாய் என அழைக்கப்பட்டார். உணவுக்கான வளங்களை அரச நிறுவனம் வழங்க, பெற்றோர் சங்கமே அவற்றை நிர்வகித்தது. இத்திட்டத்தில் இணைந்த வறிய பிள்ளைகளின் உயர வளர்ச்சியில் முன்னேற்றம் காணப்பட்டதாகப் பொருளியல் ஆய்வுகள் கூறின. ஆயினும் அத்தாய்மார் நீண்ட காலமாகத் தொழிலாளராக அங்கீகரிக்கப்படாமல் சிறு உதவித்தொகையுடனேயே காலம் தள்ளினர். நீதிமன்றப் போராட்டங்களின் பின்னர் 2014இலேயே அவர்களுக்கு முறையான தொழில் ஒப்பந்தம் கிட்டியது. பிள்ளைக்கு உணவூட்டும் கையை மறந்துவிடும் திட்டம் நீதியானதன்று என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இனி நமது நிலைமைக்கு வருவோம். இங்கு எழக்கூடிய ஆட்சேபனைகள் மூன்று.

கட்டணம் அறவிடும் தனியாருக்கு மக்களின் வரிப்பணத்தை ஏன் வழங்க வேண்டும் என்பது முதலாவது. மானியம் வழங்கப்படுவது பராமரிப்பவருக்கன்று, பிள்ளையின் தட்டுக்கே என்பதுதான் இதற்கான விடை. ஆனால் அவ்விடை உண்மையாக இருக்க வேண்டுமாயின், திட்டத்தில் இணையும் வீடு உணவுக்கென்று பெற்றோரிடம் தனியாகப் பணம் அறவிடக்கூடாது என்ற நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும்.

மோசடி நிகழும் என்பது இரண்டாவது. அது கற்பனையான அச்சமன்று என்பதை அமெரிக்க அனுபவமே காட்டுகின்றது. எனினும் அங்கு மோசடி பெருகியது இடைத்தரகர் மட்டத்திலேயாகும். ஆறு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டின் வரவை அந்த ஆறு பெற்றோரும் அறிவர். மாத இறுதியில் பெற்றோரில் இருவர் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடும் ஏற்பாடு, கொழும்பிலிருந்து வரும் கணக்காய்வாளரை விடச் சிறந்த காவலாக அமையும்.

பதிவு செய்யப்படாத இடங்களுக்கு எவ்வாறு அரச பணம் வழங்குவது என்பது மூன்றாவது. இதுவே மிகவும் கனதியானது. முன்பள்ளிகள் பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைகளுக்குரிய விடயம். சிறுவர் நன்னடத்தைப் பராமரிப்புக்கு மாகாணத் திணைக்களங்கள் உள்ளன. கொள்கையும் நிதியும் பெருமளவில் மத்திய அமைச்சின் வசம் உள்ளன. சுகாதாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் உள்ளது. ஆறு பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணொருவர் இத்தனை வாசல்களையும் ஏறி இறங்குவார் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. பெரிய நிலையங்களுக்குரிய கட்டட நிபந்தனைகளை ஓர் அறையும் விறாந்தையும் உள்ள வீட்டின்மீது சுமத்தினால், அவர் இணையமாட்டார். ஆனால் பிள்ளைகள் தொடர்ந்து அங்கேயே இருப்பர். நிபந்தனையின் கடுமை பிள்ளையைப் பாதுகாக்காது. அது பிள்ளையை நமது பார்வையிலிருந்து மறைத்துவிடும்.

பராமரிப்பவரின் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு பிள்ளைகள், மாதம் 22 நாட்கள், ஒரு வேளைக்கு முன்பள்ளி வீதமான 100 ரூபா என்று கொண்டால் மாதத்துக்கு 13,200 ரூபா வரும். அவரைப் பொறுத்தவரை இது சிறிய தொகையன்று. பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை, பழம் ஆகியவற்றைப் பிள்ளையின் தட்டில் ஒழுங்காகச் சேர்க்க இது உதவும். ஆனால் கொடுப்பனவு இரண்டு மாதங்கள் தாமதமானால் அவர் 26,400 ரூபாவைக் கடன்பட்டுச் செலவிட வேண்டும். பாடசாலை உணவு வழங்குவோர் கொடுப்பனவு நிலுவைகளாலும் விலையேற்றத்தாலும் விலகிச் சென்ற கதைகளை நாம் அறிவோம். சங்கத்தில் சீட்டுப் பிடித்து வாழும் பெண்ணால் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க முடியாது. ஆகவே, முற்பணம் இல்லாத திட்டத்தில் இணையுமாறு அவருக்கு எவரும் ஆலோசனை கூற முடியாது.

தமிழ், முஸ்லிம் சமூகங்களுக்கு இதில் மேலதிகமான அக்கறையும் உண்டு. சைவ உணவை மட்டும் உண்ணும் குடும்பம், ஹலால் உணவை மட்டும் ஏற்கும் குடும்பம் ஆகிய இரண்டுக்குமே பிள்ளையின் உணவு யார் வீட்டு அடுப்பில் சமைக்கப்படுகின்றது என்பது நம்பிக்கை சார்ந்த விடயம். தொலைவில் ஒப்பந்தகாரர் சமைத்து அனுப்பும் பார்சலை விட, அயலில் அறிமுகமான வீட்டில் சமைக்கப்படும் உணவு இவ்வகையில் பெற்றோருக்கு நிம்மதி தரும். முட்டைக்குப் பதிலாகப் பயறும் பாலும், இறைச்சிக்குப் பதிலாக மீனும் கடலையும் என்ற மாற்றுப் பட்டியல் வழிகாட்டலிலேயே இடம்பெற வேண்டும். விண்ணப்பப் படிவமும், பதிவேடும், பயிற்சியும் தமிழில் கிடைக்க வேண்டும் என்பதை நாம் வேண்டுகோளாக அன்றி உரிமையாகவே முன்வைக்கின்றோம்.

வயதுக்கேற்ற உணவு என்பதும் மறக்கப்படலாகாது. நான்கு வயதுப் பிள்ளைக்குரிய சோற்றையும் கறியையும் பத்து மாதக் குழந்தைக்கு ஊட்ட முடியாது. மசித்த உணவு, உப்பும் சீனியும் தவிர்த்தல், தொண்டையில் சிக்கக்கூடியவற்றை விலக்கல், கொதித்தாறிய நீர் என்பன பற்றிய அடிப்படைப் பயிற்சி அவசியம். தாய்ப்பாலைத் தொடரும் தாய் கறந்து வைத்துச் செல்லும் பாலைப் பேணுவதற்கும் வழிகாட்டல் வேண்டும். இவற்றைக் கற்பிக்கத்தக்க குடும்பநல உத்தியோகத்தர்கள் ஏற்கனவே நம்மிடையே பணியாற்றுகின்றனர். பிள்ளையின் நிறையைப் பதியும் சுகாதார அபிவிருத்திப் பதிவேடும் ஒவ்வொரு தாயிடமும் உள்ளது. புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. இருப்பவற்றை இணைத்தாலே போதுமானது.

எனவே நமது நிலைப்பாடு இதுவாகும். வீட்டுப் பராமரிப்பகங்கள் மானிய உணவுத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட வேண்டும். ஆனால் இணைவது கட்டாயமாக்கப்படக் கூடாது. பிரதேச செயலகத்தில் ஒரே விண்ணப்பத்தின் மூலம் இலகுவான பதிவு, ஒரு மாதத்துக்கான முற்பணம், எல்லா வீடுகளுக்கும் ஒரே வீதம், பெற்றோர் கையொப்பமிடும் எளிய பதிவேடு, தண்டிப்பதற்கு முன்னர் திருத்துவதற்கு உதவும் பரிசோதனை ஆகிய ஐந்தும் முதலில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். இவற்றை ஒரேயடியாக நாடெங்கும் செய்ய முடியாதெனில், போஷாக்குக் குறைபாடு மிகுந்த சில பிரதேச செயலகப் பிரிவுகளில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம்.

வீட்டில் பிள்ளைகளைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கும் நாம் ஒன்றைக் கூற விரும்புகின்றோம். இத்தகைய அழைப்பு வரும்போது அச்சத்தினால் மறுத்துவிடவும் வேண்டாம். ஆசையினால் உடனே கையொப்பமிடவும் வேண்டாம். பணம் எப்போது வரும், யார் பரிசோதிப்பார், எந்தப் பதிவேடுகளைப் பேண வேண்டும், பிள்ளை வராத நாளின் கணக்கு என்ன என்ற நான்கையும் கேட்டறிந்த பின்னர் முடிவெடுங்கள். தனித்தனியே நில்லாது, அயலிலுள்ள ஏனைய பராமரிப்பாளருடன் சேர்ந்து கேளுங்கள்.

நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர் என்று ஆட்சியாளர்கள் அடிக்கடி கவலைப்படுகின்றனர். தாய் தொழிலுக்குச் செல்ல வேண்டும் என்று விரும்பும் அரசு, அவள் விட்டுச் செல்லும் பிள்ளை மதியம் என்ன உண்கின்றது என்பதையும் விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளது. அடுத்த வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்போர் அவ்விசாரணையை இப்போதே ஆரம்பிக்க வேண்டும்.