பிஎஃப் பென்ஷனுக்கு 10 வருஷம் ஆகணுமா?
ஓய்வுக்கால பென்ஷனுக்கு ஆகணும். ஆனால் பணியில் இருக்கும்போது ஒருவர் நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாமல் போனால் கதையே வேறு. இபிஎஸ் 95 திட்டத்தில் ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே பென்ஷன் உண்டு. விபத்து ஆபீஸில்தான் நடந்திருக்கணும் என்றும் இல்லை. மருத்துவப் பரிசோதனையில் உறுதியானால் போதும்.

சிக்கல் தொகையில்தான். சம்பளத்தை (பெரும்பாலானோருக்கு 15,000 ரூபாய் வரைதான் கணக்கு) சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 4 வருஷ சர்வீஸுக்கு 857 ரூபாய் வரும். குறைந்தபட்சத் தொகை விதியால் அது 1,000 ஆகும். அந்த 1,000 நிர்ணயமானது 2014-ல்! ஒருவர் 26 வயதிலேயே படுத்த படுக்கையானால் மாத்திரை செலவுக்காவது இது காணுமா? மத்திய அரசு முதலில் உயர்த்த வேண்டியது இதைத்தான்.

வேலை மாறும்போது பென்ஷன் பணத்தை எடுத்துடாதீங்க. எடுத்தால் பழைய சர்வீஸும் போச்சு.