ஐட்லைக் கூட்டினா வருத்தம் மாறுமா?

"பழைய வண்டி எண்டா அப்பிடித்தான்." இந்த ஒரு வசனத்தை நம்பி நாங்கள் இழந்த காசு கொஞ்சநஞ்சமில்லை.

திருமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சந்தியில நிண்டு பாருங்கோ. ஓடி வரேக்க த்ரீவீலர் ஒழுங்காத்தான் வரும். நிண்ட உடனே நடுங்கும். இல்லாட்டி யாரும் தொடாமலே சத்தம் ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். கராஜுக்குப் போனால் வைத்தியம் ஒண்டுதான்: ஐட்ல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கிவிடுறது. சத்தம் கூடும், நடுக்கம் மறையும், காசு கைமாறும். காய்ச்சல்காரனைப் போர்வையால மூடிப்போட்டு "சுகமாயிட்டுது" எண்டு சொல்ற கதைதான் இது.

எங்கட வீட்டு வண்டிக்கு மூன்று தரம் ஐட்ல் கூட்டினார்கள். நாலாம் தரம் "காபரேட்டர் முடிஞ்சுது" என்றார்கள். மாத்தினோம். நடுக்கம் போகேல்ல. கடைசியில் பார்த்தால், காபரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பரில் ஒரு வெடிப்பு.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஐட்லில் காற்று போகிற வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போவது கொஞ்சக் காற்று. அப்போது மயிரளவு வெடிப்பால் நுழைகிற காற்றும் பெரிய பங்கு. கலவையில் பெற்றோல் குறைந்துவிடும். எக்ஸிலேட்டரை முறுக்கினால் காற்று வெள்ளமாய்ப் போகும், வெடிப்பு கணக்கிலேயே வராது. அதனால்தான் ஓடேக்க நல்லம், நிண்டா நடுக்கம். ஐட்லைக் கூட்டுவது அந்த வழியைக் கொஞ்சம் திறந்து குறையை மறைக்கிறது மட்டும்தான். வெடிப்பு அப்படியே இருக்கும், பெற்றோல் வீணாய் எரியும்.

பார்க்கிறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. முதலில் பிளக்கைக் கழற்றுங்கோ. கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூட. எயார் பில்டர் அடைத்திருக்கலாம். வெளிறியிருந்தால் காற்று கூட. சத்தம் ஏறி இறங்கினால் காற்றுக் கசிவையோ அடைபட்ட பைலட் ஜெட்டையோ தேடுங்கோ. விக்கி விக்கி ஓடினால் பிளக், வயர், டெப்பட் இடைவெளி. எங்கட உப்புக்காற்றில் வயர் முனைகள் பச்சை பிடிக்கும், அதையும் சுரண்டிப் பாருங்கோ. கசிவைக் கண்டுபிடிக்க, எஞ்சின் ஐட்லில் ஓடேக்க அந்த ரப்பரிலும் இணைப்புகளிலும் பிளக் வயரில் படாமல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கோ. சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் பெற்றோல் தெளிப்பினம். சூடான எஞ்சினில் அது நெருப்போடு விளையாட்டு. இதெல்லாம் பார்த்த பிறகுதான் காபரேட்டர் மாத்துற கதை.

"பெற்றோலே சரியில்ல" என்பது அடுத்த சாட்டு. அப்படியென்றால் அதே செட்டில் அடித்த எல்லா வண்டியும் நடுங்க வேண்டுமே?

மெக்கானிக்குகளை மட்டும் திட்டவும் மாட்டேன். அரை மணித்தியாலம் தேடி வெடிப்பைக் கண்டுபிடித்த அண்ணருக்கு, "ஒரு ரப்பருக்கு இவ்வளவா?" எண்டு முகம் சுளிக்கிறது நாங்கள்தான். புதுச் சாமானைக் கண்ணால் கண்டால் பேசாமல் காசு கொடுப்போம். தேடுகிற அறிவுக்குக் கூலியில்லை என்றால் யார் தேடுவார்கள்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் விலை எட்டாத உயரத்தில். ஆகவே பழைய வண்டிதான் எங்கள் பலருடைய சோறு. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 2022இல் நாங்கள் வரிசையில் நின்றோம். கியூஆர் அட்டை வந்த புதிதில் த்ரீவீலருக்குக் கிழமைக்கு 5 லீற்றர். ஒவ்வொரு சொட்டையும் எண்ணின அதே சனம், இன்று முறுக்கிவிட்ட ஐட்லில் சந்திக்குச் சந்தி அதை எரிக்குது.

அடுத்த முறை யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தால் கையைப் பிடித்துக் கேளுங்கோ: "அண்ணே, முதல்ல ஏன் நடுங்குது எண்டு பாப்பமா?" பார்த்துச் சொன்னால், அந்தப் பார்வைக்கும் காசைக் கொடுங்கோ.