விளக்கைக் கொஞ்சம் அணைத்தால் என்ன?

குட்டீஸ், சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல இருட்டு எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருக்கும். கம்பெனி விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. அந்த வெளிச்சத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் அந்துப்பூச்சி வந்து சுவரில் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்? துடைப்பத்தைத் தேடுவீர்கள்தானே! வேண்டாம்.

அது டஸ்ஸார் பட்டுப்பூச்சியாக இருக்கலாம். காஞ்சிபுரம் சேலைக்கு நூல் தரும் மல்பெரிப் பட்டுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். மல்பெரிப் பூச்சியை மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்து வளர்த்து, பாவம், அதற்குப் பறக்கவே வராது. டஸ்ஸார் அப்படியல்ல. மருது, இலந்தை இலைகளைத் தின்று தானாக வளரும். இறக்கையில் கண் போன்ற வட்டங்கள். அவற்றின் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பொட்டு. தென் அமெரிக்காவில் ரோத்ஷில்டியா என்ற பட்டு அந்துப்பூச்சிக்கும் இறக்கையில் இதேபோல் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. கடல் தாண்டி இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம்!

இந்தக் குடும்பத்தில் ஓர் அதிசயம்: இறக்கை முளைத்த பிறகு சாப்பாடே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற இலைதான் கடைசிச் சாப்பாடு. அதை வைத்துக்கொண்டு சில நாட்கள்தான் வாழும். அதற்குள் ஆண் பூச்சி, இறகு போன்ற உணர்கொம்பால் வாசனை பிடித்து, இருட்டில் பெண் பூச்சியைத் தேடிப் போக வேண்டும். முட்டை இட்டால்தானே அடுத்த தலைமுறை?

நடுவில் நம் விளக்கு வந்து கெடுக்கிறது. பூச்சி வெளிச்சத்தின் மேல் ஆசைப்பட்டு வருவதில்லை. இரவில் வானம்தான் தரையைவிட வெளிச்சம். அதனால் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிப் பறப்பது பூச்சிகளின் வழக்கம். விளக்கருகில் அதையே செய்யப்போய், சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாலைந்து ராத்திரியே உள்ள பூச்சிக்கு ஒரு ராத்திரி போவது சின்ன நஷ்டமா?

நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவுக்கும் அக்காவுக்கும் தெருவிளக்கு வேண்டும். அதை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆள் இல்லாத மொட்டை மாடியில், காலி மனையைப் பார்த்து எரியும் விளக்கு யாருக்காக? வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு, வெளிச்சம் தரையைப் பார்த்து விழ ஒரு மூடி... இவ்வளவு போதும். பெரிய கம்பெனிகளால் இது முடியாதா என்ன?

காலையில் பூச்சி இன்னும் சுவரிலேயே இருந்தால், காக்கை பார்ப்பதற்குள் ஓர் அட்டையில் ஏற்றி, மர நிழலில் விட்டுவிடுங்கள். இறக்கையைப் பிடிக்காதீர்கள், செதில் உதிர்ந்துவிடும்.