தினமும் துடைத்தால் சுத்தமா?

ரொம்ப நாளாக மனசுக்குள் கிடந்து குமைந்துகொண்டிருந்த விஷயம். இன்றைக்கு எழுதித் தீர்த்துவிடுகிறேன். கார் வைத்திருக்கிற மக்களுக்குக் கொஞ்சம் கோபம் வரலாம். பரவாயில்லை, எனக்கு என் மேலேயே கோபம்தான்.

நொய்டாவுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆச்சு. எங்கள் குடியிருப்பில் நாலு டவர், அடியில் இரண்டு தளம் பார்க்கிங். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. கறுப்பு நிற கார், பின் கதவில் நீளமாக ஒரு கோடு. கீழே ஒரு வரி: கார் துடைக்கிற பையன் என் புது வண்டியைக் கிழித்துவிட்டான்.

அவ்வளவுதான். மதியத்துக்குள் அறுபது எழுபது மெசேஜ். 'இவங்களுக்கு இடம் கொடுத்ததே தப்பு' என்று ஒருத்தர். 'என் வண்டியிலும் கோடு இருக்கு' என்று இன்னொருத்தர். 'இரண்டு மாசச் சம்பளத்தைப் பிடிங்க, இந்த டவர் பக்கமே விடாதீங்க' என்று ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்கு வரிசையாகக் கட்டை விரல்கள். அதில் ஒரு கட்டை விரல் அடியேனுடையது. டிபன் சாப்பிட்டுக்கொண்டே தட்டிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் கீழே போய் என் வண்டியைப் பார்த்தேன். அடர் நீலம், ஆறு வருஷம் ஆனது. மொபைல் டார்ச்சை பானெட் மேல் காட்டினால், வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிலந்தி வலை! பானெட், கூரை, கதவு, டிக்கி, ஒரு இடம் பாக்கியில்லை. நீங்களும் இன்றைக்கு ராத்திரி போய் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை வண்டியில் சட்டென்று தெரியாது. கறுப்பு, நீலம், சிவப்பு வைத்திருப்பவர்கள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போகவும் :-)

அதை ஸ்விர்ல் மார்க் என்பார்கள். வட்டமாகத் துடைத்ததால் வருவது என்று நினைப்போம். அது இல்லை. எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கான பொடிக் கீறல்கள் இருக்கின்றன. விளக்கைச் சுற்றி எந்தெந்தக் கீறல் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புகிறதோ, அது மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகிறது.

கார் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். வெயிலையும் மழையையும் தாங்குவது, பளபளப்பைத் தருவது எல்லாம் இந்தக் கடைசிப் பூச்சுதான். அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம்கூடக் கிடையாது. அதன் மேல்தான் தினமும் காலையில் துணி ஓடுகிறது.

துணி தனியாக ஓடினால் பாதகமில்லை. இங்கே மே, ஜூனில் ஆந்தி வரும். ராஜஸ்தான் பக்கத்து மணலை வாரிக்கொண்டு வந்து வண்டி மேல் கொட்டிவிட்டுப் போகும். அது போதாதென்று சுற்றிலும் கட்டட வேலை. அந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறக் கூடியது. கிளியர் கோட் அதற்கு முன்னால் வெண்ணெய். மணல் படிந்த வண்டியைக் காய்ந்த துணியாலோ, ஒரே வாளியில் இருபது தடவை முக்கிப் பிழிந்த துணியாலோ தேய்த்தால் அதற்குப் பெயர் துடைப்பதல்ல, உப்புத்தாள் போடுவது. வருஷத்துக்கு முந்நூறு நாள் உப்புத்தாள்.

சரி, இந்த அநியாயத்தைச் செய்தது யார்? அந்தத் தம்பியா?

அவன் கையிலிருந்த துணி என்னுடைய பழைய பனியன். நான்தான் கொடுத்தேன், தையலோடு. 'தினமும் துடைக்கணும், ஒரு நாள் விட்டாலும் காசு பிடிப்பேன்' என்று சொன்னதும் நான்தான். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முப்பத்தைந்து வண்டி முடிக்க வேண்டும். அதாவது 210 நிமிஷத்தில் முப்பத்தைந்து, வண்டிக்கு ஆறு நிமிஷம். தண்ணீர்க் குழாய் இரண்டாவது அடித்தளத்தின் மூலையில் ஒன்றே ஒன்று. ஹோஸ் பைப் போடக் கூடாது என்று சங்கத்தின் உத்தரவு. நாங்கள் கொடுப்பது மாசம் 500 ரூபாய், 26 நாளுக்கு. ஒரு நாளைக்கு இருபது ரூபாய்கூட இல்லை. ஜனவரிக் குளிரில், விரல் மரத்துப்போகிற தண்ணீரில், மால்டா பக்கத்திலிருந்து வந்த அந்தப் பையன் ஆறு நிமிஷத்தில் வேறு என்ன செய்வான் சொல்லுங்கள்?

இதில் இன்னொரு கூத்து. மறுநாள் அந்தக் கறுப்பு வண்டியையும் நேரில் போய்ப் பார்த்தேன். கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினால் நகம் மாட்டுகிறது. துணியும் தூசியும் போடுவது பொடிக் கீறல், அதில் நகம் மாட்டாது. நகம் மாட்டினால் ஏதோ இரும்பு உரசியிருக்கிறது என்று அர்த்தம். கோடு இருந்ததோ சின்னப் பசங்க சைக்கிளின் ஹாண்டில் பார் உயரத்தில். பக்கத்துத் தூணில் மூணு சைக்கிள் சாய்த்து வைத்திருக்கிறது. அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் குழுவில் தீர்ப்பு சொன்ன வீடுகள். ஓனரிடம் போய்ச் சொன்னேன். 'ஜானே தோ பாய் ஸாப், ஹோ கயா' என்றார். விட்டுவிடுங்கள், முடிந்துபோன விஷயமாம். யாருக்கு முடிந்தது?

இனி இந்தக் கோட்டிங் வியாபாரிகள் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வாங்கும்போதே 'ஸார்ஜி, டெஃப்லான் கோட்டிங் போட்டுடுங்க, கீறலே விழாது' என்பார்கள். நானும் போட்டேன். டெஃப்லான் தோசைக்கல்லில் ஒட்டுவது எப்படித் தெரியுமா? 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். கார் பெயிண்டை அந்தச் சூட்டில் வைத்தால் பெயிண்டே மிஞ்சாது. ஷோரூம் பின்கட்டில் அரை மணியில் துணியால் பூசியது எப்படி அதுபோல ஒட்டும்? சில மாசம் பளபளக்கும் ஒரு மெழுகு, அவ்வளவுதான்.

செராமிக் கோட்டிங் அதைவிட மேல், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு சீக்கிரம் போகும், மெழுகைவிடப் பல மடங்கு நாள் நிற்கும். ஆனால் '9 ஹெச் கடினம், கீறவே கீறாது' என்கிறார்களே, அது வைரத்தோடு ஒப்பிடுகிற அளவுகோல் அல்ல. பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற சோதனை. பென்சில் கீறாது என்பதும் ராஜஸ்தான் மணல் கீறாது என்பதும் ஒன்றாகுமா? ஆயிரக்கணக்கில் கொட்டிக் கோட்டிங் போட்டுவிட்டு, மறுநாள் காலை அதன் மேல் அதே அழுக்குத் துணியை ஓடவிடுகிறோம். பட்டுப்புடவை வாங்கிக் கல்லில் அடித்துத் துவைக்கிற கதை.

பாலிஷ் போட்டால் சரியாகிவிடுமே என்பீர்கள். ஆகும். ஆனால் பாலிஷ் என்பது பூசுவதல்ல, சுரண்டுவது. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் தேய்த்துச் சமமாக்குகிறோம். ஒவ்வொரு தடவையும் ஓரிரண்டு மைக்ரான் போகும், போனது திரும்பாது. இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை தனி. ட்ரில் மெஷினில் ஒரு ஃபோம் பேடை மாட்டிக்கொண்டு நானே களத்தில் இறங்கினேன். பானெட்டின் விளிம்பில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷத்தில் பிரைமர் எட்டிப் பார்த்தது. 'ஏங்க, இதுக்கு அந்தப் பையனே தேவலையே' என்றார் தங்கமணி. பதில் இல்லை.

அதனால் என் கட்சி இது. தினமும் துடைக்காதீர்கள், துடைக்கச் சொல்லாதீர்கள். தூசி படிந்த வண்டி அழுக்கு, ஆனால் அதற்கு வலிக்காது. தேய்த்தால்தான் வலிக்கும். கண்ணாடியையும் விளக்கையும் மட்டும் தினமும் துடைத்தால் போதும். வாரத்துக்கு ஒரு தடவை ஒழுங்காகக் கழுவுங்கள்.

எப்படி என்றால், நிழலில், பானெட் ஆறிய பிறகு. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மணலை இறக்க வேண்டும், கை வைக்கக் கூடாது. பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் முக்கி, கூரையிலிருந்து கீழ்நோக்கி, ஒரு பகுதி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு. சக்கரத்துக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணி வண்டிக்கு ஆகாது. பாத்திரம் தேய்க்கிற திரவம் வேண்டாம், மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். கடைசியில் உலர்ந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுக்க வேண்டும். இங்கே போர்த் தண்ணீர் கடினம், தானாகக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். மூணு மாசத்துக்கு ஒருமுறை கையாலேயே மெழுகு. பறவை எச்சம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காது. ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊறவிட்டு அன்றைக்கே எடுத்துவிடவும், வெயிலில் காய்ந்தால் பெயிண்டைத் தின்றுவிடும்.

'தண்ணீர் வீணாகாதா?' நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றார்கள். அதே வருஷம் மே மாசம் தில்லியில் ஹோஸ் பைப்பில் கழுவினால் 2000 என்றார்கள். சரியான காரியம். ஹோஸைத் திறந்துவிட்டால் நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்குமேல் ஓடும், இருபது நிமிஷத்தில் இருநூறு. எனக்கு ஆவது மொத்தம் மூணு வாளி, நாற்பது லிட்டர். தினமும் அரை வாளி என்று மாசம் முழுக்கத் துடைப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

'வாரத்துக்கு ஒரு தடவை என்றால் அந்தப் பையன் பிழைப்பு?' இதைக் கேட்டவர் சம்பளத்தைப் பிடிக்கச் சொன்ன அதே ஆசாமி! பதில் சுலபம். அதே 500 ரூபாயை, ஏன் கூடவே, வாரம் ஒரு ஒழுங்கான கழுவலுக்குக் கொடுங்கள். தினமும் முப்பத்தைந்து வண்டிக்குப் பதில் ஆறு வண்டி, ஒவ்வொன்றுக்கும் முப்பத்தைந்து நிமிஷம். அதே 210 நிமிஷம்தான். அவனுக்கும் வேலை, வண்டிக்கும் ஆயுசு. துணியும் வாளியும் நாம் வாங்கித் தர வேண்டும், பழைய பனியனை அல்ல.

'நீங்களே கழுவறீங்களா, ஸார்ஜி?' என்று லிஃப்டில் ஒருத்தர் பரிதாபமாகக் கேட்டார். அந்தப் பரிதாபத்தில் இருக்கிறது எல்லாம். கும்பகோணத்தில் அப்பா தன் ஸ்கூட்டரை யாரையும் தொடவிட மாட்டார். ஞாயிறு காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் அவரே கழுவுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு போல்ட்டாகத் துடைப்பார். அவருக்கு அது குறைச்சலாகத் தெரியவில்லை. தன் பொருளைத் தானே கழுவினால் மரியாதை போய்விடும் என்று நமக்குத்தான் ஊர் விட்டு ஊர் வந்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதையின் மேல் இத்தனை கவலை உள்ளவர்கள், அடுத்தவன் கூலியைப் பிடிக்கும்போது மட்டும் ஏன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை?

இதையெல்லாம் இந்தியில் தட்டுத்தடுமாறி எழுதிக் குழுவில் போட்டேன். மூணு வீடு ஒத்துக்கொண்டது. மற்றவர்கள் சிரிப்பு பொம்மை போட்டார்கள். பிடித்த ஆயிரம் ரூபாய் திரும்பவில்லை, அதனால் நானும் ஏழாம் மாடிப் பஞ்சாபியும் ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்தோம். வாங்கும்போது அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. 'ஸாப், நான் அந்தக் கோட்டைப் போடலை' என்று மட்டும் சொன்னான். 'தெரியும்' என்றேன். முதலிலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ஞாயிறு காலையில் என் வண்டியை நானும் அவனும் சேர்ந்துதான் கழுவுகிறோம். அவன் கூரை, நான் சக்கரம். பானெட் விளிம்பில் பிரைமர் தெரியும் இடத்தைப் பார்த்து அவன் சிரிப்பதை மட்டும் தடுக்க முடியவில்லை.

பி.கு: அந்தக் கட்டை விரலை எடுத்துவிட்டேன். எல்லோரும் பார்த்த பிறகு எடுத்து என்ன பிரயோஜனம் என்று தங்கமணி கேட்கிறார். அதற்கும் பதில் இல்லை.