பிரசவத்துக்கு வாட்ஸ்அப்பில் வழி கேட்காதீர்கள்

கர்ப்பிணித் தாய்மார்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்கள் நாங்கள் சேர்ந்து எழுதுவது.

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் ஆசிரியைக்கு யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் அவர் இறந்துபோனார். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு தம்பதி, ஆயிரம் பேருக்கு மேல் இருந்த வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டு வீட்டில் பிள்ளை பெற்றார்கள். தாயும் சேயும் நலம். இந்த இரண்டாவது செய்திதான் எங்களை அதிகம் கலங்க வைக்கிறது. நல்லபடியாகப் பிழைத்தவர்கள்தான் குழுவில் அனுபவம் எழுதுவார்கள், குழந்தையின் படம் போடுவார்கள். திருப்பூர்ப் பெண்ணின் அனுபவம் எந்தக் குழுவிலும் வராது.

நிறைமாதத்தில் ஒருத்தி, "தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குது, கண்ணு மங்கலா இருக்கு" என்று போடுகிறாள். "சூடுதான், எண்ணெய் வைங்க", "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பயப்படாதீங்க" என்று பதில்கள் குவிகின்றன. சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அவள் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தவர் அங்கே ஒருவருமில்லை. அது 140/90-ஐத் தாண்டியிருந்தால் அடுத்து வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அந்த நேரத்தில் அவளுக்குத் தேவை மருத்துவமனை.

குழந்தை அழுததும் குழுவில் வாழ்த்து மழை பொழியும். எங்களுக்கோ அப்போதுதான் கவனம் கூடும். ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ஆக்சிடோசின் ஊசி போடுவோம். நச்சுக்கொடி வந்ததும் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்போம். தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் உயிர்க்கணக்கு. போனில் படம் பார்த்துப் பதில் போடுகிறவருக்கு இது கைக்கு எட்டுமா?

தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். வீட்டில் பிறந்த பிள்ளையின் ரத்தவகையை யார் பார்க்கிறார்கள்? விட்டுவிட்டால் பாதிப்பு அடுத்த கர்ப்பத்தில் வரும்.

ஊர்பேர் தெரியாதவர்களிடம் ஏன் கேட்கப் போகிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். சிசேரியன் பயம். பிரசவ வார்டில் அக்காவோ தோழியோ வாங்கிய ஏச்சு. கேள்வி கேட்டால் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத டாக்டர். இதெல்லாம் பொய்யில்லை. வலியில் துடிக்கிற பெண்ணைத் திட்டுவதை எந்த நியாயமும் சொல்லி ஏற்க முடியாது. எழுத்தில் புகார் கொடுங்கள், நாங்களும் கூட வருகிறோம். அந்தக் கோபத்துக்காக மருத்துவமனையையே விட்டுவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிச் செவிலியரைக் கூப்பிடுங்கள். உங்கள் அட்டையைப் பார்த்து, உங்களைத் தொட்டுப் பார்த்து அவர் பதில் சொல்வார். நடுராத்திரி என்றாலும் 104-ல் இலவசமாகத் தமிழில் பேசலாம். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்க அரசு மருத்துவமனைகளில் இடமுண்டு. அம்மாவோ அண்ணியோ, யாரென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கணவன்மாரும் மாமியார்களும் இதைப் படிக்க வேண்டும், வலி எடுக்கிற நேரத்தில் முடிவெடுப்பது பெரும்பாலும் நீங்கள்தான்.

குழு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்தப்போக்கு, வலிப்பு, பிள்ளை அசைவு குறைந்துவிட்டது, பனிக்குடம் உடைந்துவிட்டது என்று யாராவது எழுதினால், வேறு எந்தப் பதிலையும் அனுமதிக்காதீர்கள். 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வண்டி கிளம்பிவிட்டதா என்று அவர்களிடமே போனில் கேட்டு உறுதி செய்யுங்கள்.