அதே மாத்திரைதானே?

என் மச்சினன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவன். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் இங்கிருந்து ஆந்திரா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று கிளம்பினால் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். அவனுக்கு இருமுனை மனநோய். சில மாதம் தூக்கமே இல்லாமல் ஊரையே விலைக்கு வாங்கப்போகிறவன் மாதிரி பேசுவான். சில மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பான். முதலில் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருந்தான். அப்புறம்தான் டாக்டர். லித்தியம் மாத்திரை ஆரம்பித்த பிறகு பழைய மனுஷனாகத் திரும்பி வந்தான். இதையெல்லாம் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றான்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி. ராசிபுரத்தில் காலை முதல் பஸ் பிடித்து, வரிசையில் மூன்று மணி நேரம் நின்றால், டாக்டரிடம் இரண்டு நிமிஷம். "எப்படி இருக்கீங்க?" "பரவாயில்லீங்க." "சரி, அதே மாத்திரை." டாக்டரைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். மறுநாள் அவர் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டும்.

ஒரு வருஷம் மே மாதம். வெயிலில் பத்து நாள் ரிக் ஓட்டிவிட்டு முதுகுவலியோடு வீட்டுக்கு வந்தான். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி ஐந்து நாள் போட்டான். ஆறாம் நாள் டீ கிளாஸ் கையில் நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம். தெருவில் எல்லோரும் தண்ணி போட்டுவிட்டான் என்றார்கள். என் மனைவியே தம்பியைத் திட்டினாள். சேலத்துக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்ததும்தான் தெரிந்தது, உடம்பில் லித்தியம் அளவுக்கு மேல் ஏறிவிட்டது. 0.6லிருந்து 1க்குள் இருக்க வேண்டியது 2ஐத் தாண்டியிருந்தது.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. வியர்த்துக் கொட்டி உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். இதை அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஒருவரும் கேட்டதும் இல்லை.

அப்புறம் போன ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஒரு சிஸ்டர் இருந்தார். முதல் நாளே முக்கால் மணி நேரம் கேட்டார். என்ன வேலை, எந்த ஊர் வெயில், ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணீர், ராத்திரி ஷிஃப்டில் மாத்திரையை எப்போது போடுவாய், தலைவலித்தால் என்ன வாங்குவாய்? ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி அவன் கையிலேயே கொடுத்தார். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். சிறுநீரகமும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமாம். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அடுத்த கோடையில் ராய்ப்பூர் பக்கத்திலிருந்து ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான், பேதி என்று. நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்பது குரலிலேயே தெரிந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்து என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. "உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்லுங்க ஐயா, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்லுங்க, நான் டாக்டரைப் பிடிக்கிறேன்" என்றார். டாக்டர் கிடைத்தது மறுநாள் பதினோரு மணிக்கு. அவர் சொன்னதும் மாத்திரையை நிறுத்தி ரத்தம் பார் என்பதுதான். நல்லவேளை, அந்த ராத்திரி மச்சினன் பயந்துபோய்த் தானாகவே மாத்திரையை விட்டிருந்தான்.

நான் ஆயுள் முழுக்கக் கிளார்க். கோப்பில் குறிப்பு எழுதுவது நாங்கள், கையெழுத்து அதிகாரியுடையது. ஆனால் எல்லாக் காகிதமும் செயலாளர் வரை போவதில்லை. நிதி அதிகாரப் பகிர்வு விதிகள் என்று இருக்கின்றன. இந்தத் தொகை வரை இவர் கையெழுத்துப் போடலாம், அதற்கு மேல் அவர். பேப்பரும் பென்சிலும் வாங்க அரசாங்கம் கண்டுபிடித்த இந்த வழியை மாத்திரைக்கு ஏன் யோசிக்கக்கூடாது? நோய் என்ன என்று தீர்மானிப்பதும் முதல் மருந்தும் டாக்டர் வேலை. அவர் குறித்துக் கொடுத்த எல்லைக்குள் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது, ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற மனநலச் செவிலியரிடம் கொடுக்கலாம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் செவிலியரைப் பதிவு செய்து அங்கீகரிக்கிறது. ஆனால் அவரவர் தொழிலின் எல்லைக்கு வெளியே மருந்து பரிந்துரைக்கக் கூடாது என்கிறது 106ஆவது பிரிவு. தடை சரிதான். நான் கேட்பது, அந்த எல்லையைப் படிப்பும் தேர்வும் வைத்துக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்றுதான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு நம் நாட்டிலேயே வந்துவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அங்கே 2018ல் மேல்பயிற்சி பெற்ற செவிலியருக்கு டாக்டர் எழுதிய மருந்தைப் புதுப்பிக்கவும் மாற்றவும் அதிகாரம் கொடுத்தார்கள். 2019ல் அதை மனநலத்துக்கும் நீட்டினார்கள். பள்ளியில் எங்கள் முஸியே, பைத்தியக்காரர்களின் சங்கிலியை அவிழ்த்தவர் டாக்டர் பினெல் என்று சொல்லிக்கொடுத்தார். வயதான பிறகு படித்தால், 1797ல் பாரிஸ் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் சங்கிலியை அவிழ்த்தது புய்ஸேன் என்ற கண்காணிப்பாளர். பினெல் அதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார். புய்ஸேன் தோல் பதனிடும் தொழிலாளி, அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்து குணமானவர். அவரிடம் கற்றுக்கொண்டதைப் பினெலே எழுதி வைத்திருக்கிறார்.

நகரத்துக்கு டாக்டர், கிராமத்துக்கு நர்ஸ் என்று மலிவாக முடித்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. தொகுப்பூதியத்தில் ஆளைப் போட்டு, பொறுப்பை மட்டும் தலையில் கட்டினால் அது அநியாயம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு பி.பி., சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல காரியம். லித்தியத்தைக் கேள்வி கேட்காமல் செய்தித்தாள் மாதிரி வாசலில் போட்டுவிட்டுப் போக முடியாது.

போன மாதம் அந்த சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மச்சினன் நோட்டை எடுத்துக்கொண்டு போனான். புதிதாக வந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதே மாத்திரைதானே?" என்றாராம். சித்திரைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ரிக் கிளம்பும் முன் ரத்தம் பார்க்க வேண்டிய தேதியை நானே நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.