அறுத்தெடுத்ததை வீசிவிடாதீர்கள்

தாடையில் வலியில்லாத வீக்கம். எக்ஸ்ரேயில், முளைக்காத பல்லைச் சுற்றி ஒரு கரிய வட்டம். ‘நீர்க்கட்டிதான்’ என்று சுரண்டியெடுத்து, திசுவைக் குப்பையில் போடுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. இது நிற்க வேண்டும்.

அதே வட்டத்துக்குள் வேறு கட்டிகளும் ஒளிந்திருக்கும். பதின்வயதுப் பெண்களின் மேல்தாடையில், வெளிவராத கோரைப்பல்லை ஒட்டி வளரும் அடினோமடாய்ட் கட்டி சாதுவானது. நுண்ணோக்கியில் குழாய்களைப் போன்ற செல் வளையங்கள் தெரியும். முழுதாக எடுத்துவிட்டால் அநேகமாகத் திரும்பாது.

அமிலோபிளாஸ்டோமா அப்படியல்ல. பெரும்பாலும் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பகுதியில் மெல்ல வளரும். நுண்ணோக்கியில், செல் திட்டுகளின் விளிம்பில் நெடிய செல்கள் வேலிபோல் வரிசைகட்டி நிற்கும். அவற்றின் உட்கருக்கள் அடிச்சவ்வை விட்டு விலகியிருக்கும். புற்றுநோய் அல்லதான், ஆனால் எலும்பின் இடுக்குகளில் ஊடுருவுவதால், வெறுமனே சுரண்டினால் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பும்.

அரிதானவற்றிலும் அரிதானது, டென்மார்க்கின் ஜென்ஸ் பிண்ட்போர்க் 1955-இல் விவரித்த கட்டி. அதில் அமைலாய்ட் படிவுகள் இருக்கும். காங்கோ ரெட் சாயமேற்றித் துருவ ஒளியில் பார்த்தால் ஆப்பிள் பச்சையாக ஒளிரும். நடுவே வளையம் வளையமாகச் சுண்ணாம்புப் படிவு. இதையெல்லாம் உறுதிசெய்ய எக்ஸ்ரே மட்டும் போதாது.

ஆகவே தாடையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கட்டியும் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போவது கட்டாயமாக வேண்டும். அறிக்கையின் நகலை நோயாளி கையில் கொடுக்க வேண்டும். அமிலோபிளாஸ்டோமா என்று வந்தால், ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுக்க அவரை மருத்துவமனையே அழைக்க வேண்டும்.